துண்டும் தார்ப்பாயும்: கஜா புயலுக்குப் பிறகு ஒரு கடைமடை கிராமத்தில் போட்ட நாடகம்

இதை எழுதாமல் பல வருடம் தள்ளிப்போட்டேன். எழுதச் சொன்னது எங்கள் வீதி நாடகக் குழுவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள்தான். "அன்னைக்கு என்னதான் நடந்துச்சு"ன்னு ஆளுக்கு ஒரு கதையாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் முறையாக எழுதிவைக்கச் சொன்னார்கள். நான் அந்தக் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறேன், பறை அடிப்பது நான்தான், அன்று மாலையும் களத்தில் இருந்தேன். இதில் அதிகம் இழந்தவர் எங்கள் குழுவின் மூத்த நடிகை. அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முழுவதையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

யார், எங்கே

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற பகுதி. கடைமடை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல். எங்களுக்கு அது ஒவ்வொரு வருடமும் வாய்க்கால் கரையில் நின்று வரும், வராது என்று பார்த்துக்கொண்டிருப்பது.

குழுவில் 13 பேர். ஆசிரியர்கள் இருவர், ஒரு வேன் ஓட்டுநர், செல்போன் கடை வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர், அப்புறம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அக்கா. இயக்குநர் அண்ணன், தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் சே. இராமானுஜத்திடம் பட்டறையில் இருந்த ஒருவரிடம் பயின்றவர். வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறையிலிருந்து தமிழ்நாட்டில் கிளைவிட்ட வீதி நாடக வழியில்தான் நாங்களும் வந்தோம்: மேடை இல்லை, திரை இல்லை, ஒப்பனை இல்லை, சுற்றி ஜனம். ஒத்திகைக்கு, மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லின் பின்கட்டு.

அக்காவின் ஊர்தான் இந்த நிகழ்வு நடந்த ஊர். அந்த ஊரிலேயே குடியிருந்தவர் குழுவில் அவர் ஒருவர் மட்டும். மற்ற எல்லோரும் நாடகம் முடிந்தால் வேனில் ஏறித் திரும்புகிறவர்கள். இதை அப்போது நாங்கள் ஒரு தகவலாகக்கூட நினைக்கவில்லை.

புயலுக்கு முன்னால்

2017-லிருந்து எங்களிடம் ஒரே நாடகம் இருந்தது, தண்ணீர் நாடகம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்த நேரத்தில் ஆரம்பித்தது. அதன்பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியாக உள்ளே சேர்த்துக்கொண்டே போனோம். பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் வந்தது. ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்தது வந்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்த தீர்ப்பு வந்தது. அந்த ஜூலையில் மேட்டூர் நிரம்பி, ஆகஸ்ட் 22-இல் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, நிரம்பிய வருடத்திலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்ற கோபமும் உள்ளே வந்தது.

எங்கே போட்டாலும் அந்த நாடகம் ஓடியது. ஊர்த்தெருவும் கைதட்டும், காலனியும் கைதட்டும். பத்து ஏக்கர் வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து டீ வரும், அவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள் எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். இந்த ஒற்றுமையை எங்கள் நாடகம் உண்டாக்கியது என்று நாங்கள் நம்பினோம். இன்று யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அந்த நாடகத்தில் தப்பு செய்கிறவர் எப்போதும் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக்கூட அது தொடவில்லை. சொன்னது பொய்யில்லை, அத்தனையும் உண்மை. ஆனால் தூரத்தில் இருக்கிறவரை எதிர்த்துப் பேசுவதில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, அதையே துணிச்சல் என்று எடுத்துக்கொண்டோம்.

நவம்பர் 16

2018 நவம்பர் 15 இரவு ஆரம்பித்து 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. அந்த ராத்திரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு மறக்காதது விடிந்த பிறகு இருந்த வெளிச்சம்தான். மரங்களே இல்லாததால் ஊர் மொத்தமும் ஒரே பார்வையில் தெரிந்தது, யார் வீடு எங்கே இருக்கிறது என்று அடையாளம் தெரியவில்லை.

தண்ணீர் நாடகத்தை நிறுத்தினோம். இதற்குப் பெரிய விவாதம் எல்லாம் இல்லை, வேனில் நாடகச் சாமானை இறக்கிவிட்டு அரிசியும் மெழுகுவர்த்தியும் ஏற்றினோம். மூன்று வாரம் அதுதான் வேலை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துகிடந்தன. கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் குடிதண்ணீர் இல்லை.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் பார்த்தவற்றில் நாடகத்துக்குக் காரணமானவை இவை.

வெளியூரிலிருந்து வந்த நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே நின்றன. காலனிக்குப் போகிற பாதையில் மரம் கிடந்தது ஒரு காரணம். ரோட்டோரம் நின்றவர்கள் "இங்கயே இறக்குங்க, நாங்க பிரிச்சுக் குடுத்துக்குறோம்" என்று சொன்னது இன்னொரு காரணம். பிரித்துக் கொடுக்கப்பட்டது காலனிக்கு மீதியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாயும் பாலும் தீர்ந்திருக்கும், பழைய துணி மூட்டை மட்டும் முழுதாக வந்திருக்கும்.

அடுத்தது கணக்கு. முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பாதி சேதத்துக்கு 4,100 என்று அரசு அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100. மரத்துக்கான பணம் மரத்தின் சொந்தக்காரருக்கு. அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவருக்கும், அந்த மட்டையில் கீற்று பின்னி விற்ற பெண்ணுக்கும் எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது. குடிசை முழுச் சேதமா பாதிச் சேதமா என்பதை யார் வந்து பார்த்து எழுதுவது என்பதில்தான் சண்டை எல்லாம்.

மூன்றாவது விஷயத்தை வெளியே இருந்து எழுதியவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது, தேர்தல் நடக்கவில்லை. கிராமங்களுக்குத் தேர்தல் நடந்ததே 2019 டிசம்பரில்தான். புயல் அடித்தபோது ஊருக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் யாரிடம் டிராக்டரும் ஜெனரேட்டரும் இருந்ததோ அவர்தான் தலைவர்.

இந்த ஊரில் அது ஒரு பெரியவர். அவரைப் பற்றி இரண்டையும் சொல்ல வேண்டும். ரோட்டில் கிடந்த மரங்களை இழுத்துப்போட முதல் நாளே தன் டிராக்டரைக் கொடுத்தவர் அவர். தன் ஜெனரேட்டரைப் போட்டு போர்வெல்லில் தண்ணீர் இறைத்தபோது ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காமல் குடம் வைக்கவிட்டார். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, முதலில் யாருக்கு என்பதும் அவர் வாசலில்தான் முடிவானது. அந்த வாசலில் நாங்களும் தினம் நின்றோம், டீ குடித்தோம்.

நாடகம் போடலாமா என்ற பேச்சு

டிசம்பர் முதல் வாரத்தில் ரைஸ்மில்லில் உட்கார்ந்தோம். நாடகம் போடுகிற நேரமா இது என்று ஒரு ஆசிரியர் கேட்டார். ஜனம் கூரையில்லாமல் இருக்கும்போது நாம் போய் நடித்துக்காட்டினால் செருப்பால் அடிப்பார்கள் என்றார். அக்காதான் மறுத்துப் பேசினார். அவர் சொன்னதை அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவைத்தேன்: "சாப்பாடு வந்துருச்சு. பேசுறதுக்குத்தான் இன்னும் வரல. வரிசையில நின்னப்ப என்ன நடந்துச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் முகத்தப் பாத்துப் பேசவே இல்ல. அதப் போடுவோம்."

வசனம் எழுதாமல், கேட்டதை வைத்துக் கட்டுவது என்று முடிவு. ஐந்து நாளில் 25 நிமிடத்துக்கு ஒன்று வந்தது. ஒரு நிவாரண வரிசை, ஒரே ஒரு தார்ப்பாய், நான்கு குடும்பம். அந்தத் தார்ப்பாய்தான் முழு நாடகத்துக்கும் சாமான். நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்து உயர்த்தினால் கூரை, வேகமாக உதறினால் புயல், மடித்துத் தோளில் போட்டால் மூட்டை, தரையில் நீட்டி விரித்தால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். பறையே தேவைப்படவில்லை, தார்ப்பாயை உதறுகிற சத்தமே போதும். ஒத்திகையில் அந்தச் சத்தம் வந்ததும் எங்கள் ஓட்டுநர் வெளியே எழுந்து போய்விட்டார். அவர் வீட்டுக் கூரை அப்படித்தான் போயிருந்தது.

எங்கே போடுவது என்பதில் இரண்டு கட்சி. காலனிக்குள் போடலாம் என்று சிலர். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ரேஷன் கடை முன்னால் இருக்கும் களத்தில் போடலாம் என்று அண்ணன். இரு பக்கமும் பார்க்காவிட்டால் போட்டு என்ன பயன் என்பது அவர் வாதம், எனக்கும் அது சரியாகப்பட்டது. களம்தான் என்று முடிந்தது. அக்காவிடம் தனியாக யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் தலையாட்டினார், அது போதும் என்று நினைத்தோம்.

காவல் நிலையத்தில் தகவல் சொல்லப் போனபோது எழுத்துப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்து 1954-இல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் போனாலும் கேட்கிற பழக்கம் போகவில்லை. வசனமே எழுதவில்லை என்று சொன்னோம், உண்மையும் அதுதான். மைக் வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பயம் இல்லாமல் இல்லை. கல்லூரித் தம்பி ஒருவன் டெல்லி வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியைப் பற்றிப் பேசினான். 1989 ஜனவரி 1, சாகிபாபாத் பக்கம் ஜண்டாப்பூரில் வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தவர், அதன்பிறகு இரண்டே நாளில் அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நாடகத்தை முடித்தார் என்று அவன் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. அதே தாக்குதலில் அந்தப் பகுதியில் வேலை பார்த்த ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். அவன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகுதான் படித்தேன்.

டிசம்பர் 9, ஞாயிறு மாலை

அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. வெளிச்சத்துக்குப் பெரியவரின் டிராக்டர் வந்து களத்தின் ஓரத்தில் நின்று ஹெட்லைட்டைப் போட்டது. கேட்டவுடன் கொடுத்திருந்தார். அவர் பார்க்க வரவில்லை, அவர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். காலனி ஜனம் ஒரு பக்கம், ஊர்த்தெரு ஜனம் ஒரு பக்கம், நடுவே நாங்கள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. வரிசை வருகிறது, தள்ளுமுள்ளு வருகிறது, பொருள் கொடுக்கிற ஆள் வருகிறார். அந்த ஆளாக நடித்தவன் டவுனைச் சேர்ந்த தம்பி, எங்களில் நல்ல நடிகன். ஒத்திகையில் அவனிடம் கையில் ஒரு பட்டியல் மட்டும்தான் இருந்தது. அன்று தோளில் ஒரு துண்டோடு வந்தான். பேசுவதற்கு முன்னால் துண்டை எடுத்து, இரண்டு தடவை உதறி, இடது தோளில் போட்டு, லேசாக இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

அது பெரியவர். அச்சு அசல் அவர். மூன்று வாரம் அவர் வாசலில் நின்று டீ குடித்தபோது தம்பி கண்ணில் தங்கியது, கையில் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று பிறகு சொன்னான், நான் நம்புகிறேன். நடிகனின் உடம்பு அப்படித்தான், பார்த்ததைச் சேர்த்துவைத்துக்கொள்ளும்.

காலனிப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை எங்கள் எந்த நாடகத்துக்கும் நான் கேட்டதில்லை, மூன்று வாரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு. அடுத்த வசனம் பேச முடியவில்லை. தம்பிக்கு உற்சாகம் வந்து இன்னொரு தடவை துண்டை உதறினான். எதிர்ப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது சிரிப்பு அடங்குவதற்குள் ஹெட்லைட் அணைந்தது.

பேட்டரி இறங்கிவிட்டது என்று டிராக்டர் ஓட்டியவர் பிற்பாடு சொன்னார். போன் வந்தது, பேசினார், அணைத்தார் என்று பக்கத்தில் நின்ற இருவர் சொன்னார்கள். எது உண்மை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

கும்மிருட்டு. அண்ணன் "நிறுத்திரலாம்" என்று என் காதில் சொன்னார். அதற்குள் அக்கா இருட்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்து வர வேண்டியது அவருடைய காட்சி, வரிசையில் கடைசியாக நிற்கிற பெண். அவர் நிற்கிற இடம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ராத்திரி பிள்ளையை அணைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்திருந்ததை, சுவர் ஈரமாகிக்கொண்டே வந்ததைக் கையால் தடவித் தெரிந்துகொண்டதை, மெதுவாகச் சொன்னார். நாலைந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கத்திலும் ஒரு சத்தம் இல்லை. ஊர்த்தெருப் பக்கம் ஒரு அம்மா அழுதது எனக்குக் கேட்டது. அந்த ராத்திரியில் சுவர் ஈரமானது எல்லாத் தெருவிலும்தானே.

யாரோ பைக் லைட்டைப் போட்டார்கள். பார்த்தால் தார்ப்பாயைக் காணோம். காலனி அப்பாயி ஒருவர் அதை நான்காக மடித்துத் தனக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கேட்கப் போன மாணவனிடம், "நாடகம் முடிஞ்சிருச்சுல்ல தம்பி, இத நான் வச்சுக்குறேன். எங்க வீட்டுக்கு இன்னும் வரல" என்றார். அந்தத் தார்ப்பாய் நிவாரணத்துக்கு வந்ததில் ஒன்று. நாடகத்துக்கு என்று நாங்கள் எடுத்துவைத்தது. ஐந்து நாள் அதை உதறியும் மடித்தும் விளையாடியபோது, கூரையில்லாத ஒரு வீட்டுக்குச் சேர வேண்டியது இது என்று எங்கள் 13 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேனில் ஏறினோம். இதைத் தட்டச்சு செய்கிறபோதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த பத்து நாள்

மறுநாள் காலையில் துண்டு உதறும் காட்சி யாரோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. காவல் நிலையத்திலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது, மிரட்டலாக இல்லை, "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்கிற மாதிரி. அடுத்த இரண்டு ஊரில் போடுவதாக இருந்ததை நிறுத்தினோம்.

நல்லதும் ஒன்று நடந்தது. நான்காம் நாள் பயனாளிகள் பட்டியல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது, விடுபட்ட காலனி வீடுகள் பிறகு சேர்க்கப்பட்டன. நாடகத்தால் நடந்தது என்று நாங்கள் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அது சரியில்லை. நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே காலனிப் பெண்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்கள், அவர்கள் கேட்டதுதான் பட்டியல். நாடகம் கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கலாம். அதற்கு மேல் உரிமை கொண்டாட எங்களுக்கு இடமில்லை.

பெரியவரைப் போய்ப் பார்ப்பதா என்பதில் குழு உடைகிற நிலைக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டால் நாடகமே தப்பு என்று ஆகிவிடும் என்று தம்பிகள். ஒரு ஆளின் நடையையும் துண்டையும் அவர் அனுமதி இல்லாமல், அதுவும் அவர் வீட்டு வெளிச்சத்தில் நின்று எடுத்துக்கொண்டது நாகரிகம் இல்லை என்று ஆசிரியர்கள். கடைசியில் மூன்று பேர் போனோம், நானும் போனேன். துண்டுக்கு மட்டும் வருத்தம் சொல்வது, நாடகத்தில் சொன்னதை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று பேசிவைத்துக்கொண்டு போனோம்.

பெரியவர் கத்தவில்லை. உட்காரச் சொன்னார், டீ வந்தது. "நாடகம் போடுங்க, வேணாம்னு நான் சொல்லல. பட்டியல்ல தப்பு இருந்தா ஆளா வந்து கேட்டிருக்கலாம்ல? தினம் இங்கதான நின்னீங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. உண்மையிலேயே நாங்கள் ஒரு நாளும் அவரிடம் நேராகக் கேட்கவில்லை. டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம், பார்த்ததைக் களத்தில் போய்ப் போட்டோம். எழுந்து வரும்போது அவர் அக்காவின் பெயரைச் சொல்லி, "அது ரொம்ப வருஷமா நம்ம வீட்டு வயல்ல நிக்கிற புள்ள" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் போனது அக்காவுக்குத் தெரியாது. சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது பெரியவர் வீட்டில் மாடு பார்க்கிறவர் வழியாக.

பிறகு நடந்தது

வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் எரிக்கப்பட்ட 1968 டிசம்பர் 25-க்கு அது 50-ஆவது வருடம். அந்த நாளில் அங்கே போவது எங்கள் குழுவுக்கு வழக்கம், அக்காதான் முதலில் வேனில் ஏறுவார். அந்த வருடம் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

தை பிறந்து அறுவடை வந்தபோது அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் பெரியவர் வயலுக்குக் கூப்பிடவில்லை. பெரியவரின் சொந்தக்காரர்கள் வயல்களிலும் கூப்பிடவில்லை. மெஷின் அறுப்பு வந்ததிலிருந்து ஆள் கூப்பிடுவது வருடா வருடம் குறைந்துகொண்டுதான் வருகிறது, அந்த வருடம் காலனியில் இன்னும் பலருக்கும் வேலை இல்லை. நாடகத்தால்தான் என்று சாட்சி வைத்துச் சொல்ல முடியாது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரியில் நானும் அண்ணனும் அவர் வீட்டுக்குப் போனோம். குழுவில் சேர்த்த கொஞ்சம் பணம் கொண்டுபோயிருந்தோம். வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே பேசினார்: "நீங்க வண்டி ஏறிட்டீங்க. நான் மறுநாளும் அதே வாசல்லதான் போயி நிக்கணும். நாடகம் வேணும்னு சொன்னது நான்தான், அத இல்லங்கல. துண்டு எடுக்கச் சொன்னது யாரு? அவுக வீட்டுக்குப் போகச் சொன்னது யாரு? என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?" கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டுல பேசுனது மட்டும் எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார்.

நாடகத்தை மாற்றினோம். பொருள் கொடுக்கிற ஆளை எடுத்துவிட்டோம். வரிசை மட்டும் இருக்கும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறைப்படி, பார்க்கிறவர்கள் எழுந்து வந்து வரிசையை அவர்களே மாற்றி அமைக்கலாம்: கர்ப்பிணி முன்னாலா, கூரை போனவர் முன்னாலா, யார் இதை முடிவு செய்வது. சொல்ல எளிதாக இருக்கிறது. முதல் ஊரில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை, நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். இரண்டாவது ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து வந்து வரிசையையே கலைத்துவிட்டு எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தாள். மார்ச் வரை ஆறு ஊர். தார்ப்பாய்க்குப் பதிலாகப் பழைய சேலைகளைத் தைத்து ஒட்டுத்துணி செய்துகொண்டோம், உதறினால் அந்தச் சத்தம் வரவில்லை, பறையைச் சேர்த்தோம். ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல், நடத்தை விதி என்று அனுமதி கிடைக்கவில்லை, அதோடு நின்றது.

துண்டு உதறிய தம்பி அந்த வருடமே குழுவை விட்டுப் போனான். நாங்கள் போகச் சொல்லவில்லை. எங்கே நடித்தாலும் தோளில் கை போனால் பயமாக இருக்கிறது என்றான். அவனை நாங்கள் பேசித் தேற்றியிருக்க வேண்டும். எல்லோருமாகச் சேர்ந்து எடுத்த தப்பான முடிவுகளை அவன் ஒருவன் துண்டில் முடிந்துவிட்டோம்.

எதை மாற்றியிருக்கிறோம்

இப்போது எந்த ஊரில் போடுவதாக இருந்தாலும் ஒத்திகைக்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதுகிறோம்: நம்மில் இந்த ஊர்க்காரர் யார், அவர் வேலை யார் கையில், வாடகை யாருக்கு, கடன் யாரிடம், பிள்ளை எந்தப் பள்ளியில். அந்த ஆளிடம் தனியாக, வீட்டில் போய், வீட்டுக்காரர்கள் இருக்கும்போது கேட்கிறோம். கூட்டத்தில் தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் வேண்டாம் என்றால் அந்த ஊரில் போடுவதில்லை, காரணம் கேட்பதில்லை. இதனால் இரண்டு நாடகம் நின்றுபோயிருக்கிறது, அதில் ஒன்று போட்டிருக்க வேண்டியது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒத்திகையில் இல்லாத சாமான் எதுவும் களத்துக்கு வராது. யாரைப் பற்றிக் குறை சொல்கிறோமோ அவரிடம் முதலில் நேரில் போய்க் கேட்பது, கேட்டும் நடக்காததைத்தான் நாடகத்தில் வைப்பது. இதில் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முன்கூட்டிப் போய்ச் சொன்னால் நாடகமே நடக்கவிடாமல் செய்துவிடுவார்கள் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிவாரணப் பொருளைச் சாமானாக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு யாரிடமும் கை நீட்டாமல் சொந்தமாக இரண்டு எல்இடி விளக்கும் ஒரு பேட்டரியும் வாங்கியிருக்கிறோம்.

பணத்துக்குத்தான் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. நாடகத்தால் ஒருவருக்கு வேலை போனால் குழு என்ன செய்யும்? மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஒரு நிதி வைத்தோம், கொரோனா காலத்தில் அது அரிசிக்கும் மருந்துக்கும் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். ஒரு அறுவடைக் கூலிக்குக்கூட அது இன்னும் எட்டவில்லை.

அக்கா 2021-இல் திரும்பி வந்தார். ஒத்திகைக்கு வருகிறார், புதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், மற்ற ஊர்களில் நடிக்கிறார். தன் ஊரில் நடிப்பதில்லை. போன மாசி மாதம் அங்கே ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.